ஆளரவமற்ற இடத்தில் குடியேறுவது: யாருக்குச் சரிப்படும், யாருக்குச் சரிப்படாது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள். இணையம் இருந்தால் போதும், எங்கே இருந்தாலும் சம்பளம் வந்துவிடும். மகனுக்கு எட்டு வயது. மக்கள் மிகக் குறைவாக வாழும் ஒரு பகுதியில் நிலத்தோடு கூடிய பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. பக்கத்து வீடு ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஓரளவு வசதியுள்ள மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். வீட்டுக்கு வரும் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் மண்சாலை.

போய்ப் பார்த்தோம். இருவருக்கும் பிடித்துவிட்டது, எனக்கு அதுவே கவலையாகவும் இருக்கிறது. பிடித்துப்போன வீட்டில் குறை கண்ணில் படாது. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறவர்கள், வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர்கள் சொல்லுங்கள். "அருமையான முடிவு" என்றோ "பைத்தியமா" என்றோ ஒற்றை வரியில் எழுத வேண்டாம்.

கணக்கன்

பைத்தியமா?

(கை பொறுக்கவில்லை. விரிவாகப் பிறகு வருகிறேன்.)

மேட்டுநிலவாசி

நான் இப்போதும் அப்படியோர் இடத்தில்தான் இருக்கிறேன். திரும்பும் எண்ணமும் இல்லை. ஆகவே என் பேச்சில் சார்பு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அமைதி, தூய காற்று பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பம்பு பற்றி எழுதுகிறேன். சாயங்காலம் குழாயைத் திறக்கிறீர்கள், தண்ணீர் வரவில்லை. நகரத்தில் என்றால் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போக வேண்டும். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், குழாயில் அழுத்தம் குறைந்ததும் பம்பை ஓடவைக்கும் அழுத்த சுவிட்சின் மூடியைக் கழற்ற வேண்டும். பல தடவை அங்கே நான் கண்டது எறும்புகளைத்தான். இரண்டு தொடுமுனைகளுக்கும் நடுவே புகுந்து, நசுங்கி, கருகி, மின்சாரத்தைப் பாயவிடாமல் ஒரு கறுப்புப் பூச்சாக ஒட்டிக்கொண்டிருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பம்பு ஓடும். இது தெரியாதவர் அன்றிரவு தண்ணீரில்லாமல் படுத்து, மறுநாள் ஆள் வரவழைத்து, அவர் எறும்பைத் தட்டிவிட்டதற்கு ஒரு முழு நாள் கூலியும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் இப்படித்தான். மழை பெய்தால் சாலையில் ஓடும் தண்ணீரை மண்வெட்டியால் ஓரத்துக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் சாலையே ஓடையாகிவிடும். கழிவுநீர்த் தொட்டியில் எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக் கூடாது என்று விருந்தாளிகளுக்கு வகுப்பெடுக்க வேண்டும். கோடைக்கு முன்னால் வீட்டைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லை வெட்டி அகற்ற வேண்டும். தீ வந்தால் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எரிவதெல்லாம் எரிந்து முடிந்திருக்கும்.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு அலுப்பாக இருக்கிறதா, கை துறுதுறுவென்று இருக்கிறதா? அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வேலைகள்தான் பிடித்திருக்கின்றன. நான் செய்த வேலைக்குப் பலன் அன்றைக்கே குழாயில் கொட்டுகிறது. அலுவலகத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தபோது இந்தச் சுகம் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

நெடுவழி

மேட்டுநிலவாசி அண்ணா, மிக்க நன்றி. எறும்பு விஷயத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அந்த வேலை யாருடையது என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்கிறேன்" என்கிறாள். அந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு ஒன்றும், கூரைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி ஒன்றும் இருக்கின்றன. தொட்டியை நம்பலாமா?

மேட்டுநிலவாசி

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். கூரை 150 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,500 லிட்டர். சிந்துவது, ஆவியாவது போக அதைவிடச் சற்றுக் குறையும். அந்தப் பகுதியின் மாதவாரி மழையளவை எடுத்து, மழையே இல்லாத மாதங்களை அடுத்தடுத்து எண்ணுங்கள். அத்தனை மாதத்துக்கும் தொட்டி தாங்குமா என்பதுதான் கேள்வி. ஆண்டுச் சராசரியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், வறண்ட மாதத்தில் சராசரியைக் குடிக்க முடியாது. முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றும் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரையில் பறவைகள் என்ன செய்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செவிலி

பல ஆண்டுகள் தொலைதூரச் சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் நான். நெடுவழி தம்பி, "மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல நாளில், உடம்பு நன்றாக இருக்கிறவர் ஓட்டிக்கொண்டு போகிற நேரம். ஆம்புலன்ஸை அழைத்தால் அது வர இரண்டு மணி, திரும்ப இரண்டு மணி. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து மூளைக்குள் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கூட்டிப் பாருங்கள். விடியற்காலையில் கண் விழிக்கும்போதே கை மரத்திருந்தால், எப்போது தொடங்கியது என்பதுகூடத் தெரியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தூரத்தோடு வாழ்வதற்கு மனிதர்கள் நல்ல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் 1928இல் விமானத்தில் மருத்துவரை அனுப்பும் சேவையைத் தொடங்கினார். முதல் விமானம் குவீன்ஸ்லாந்தின் கிளன்கரியிலிருந்து பறந்தது. விமானம் இருந்தென்ன, அதை அழைப்பது எப்படி? பண்ணைகளில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறு ஆண்டே ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர், மிதிவண்டி போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசும் வானொலிக் கருவியைக் கொடுத்தார். அந்தச் சேவை இன்றும் நடக்கிறது. தொலைதூரப் பண்ணைகளில் அவர்கள் வைத்திருக்கும் மருந்துப் பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் உண்டு. மருத்துவர் மருந்தின் பெயரைச் சொல்லி, கேட்பவர் கரகரப்பில் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இல்லை. இந்த எண்ணுள்ள மருந்தை எடு, அதில் ஒரு மாத்திரை கொடு, அவ்வளவுதான்.

கடைசி எல்லைக்குப் போனவர்களின் கதையும் உண்டு. 1961 ஏப்ரல் 30 அன்று, அண்டார்க்டிகாவின் நோவொலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனிட் ரோகசோவ் என்ற சோவியத் மருத்துவர் தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தார். அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். உடன் இருந்தவர்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டும் கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் நின்றார்கள். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அதே கண்டத்தில் சிலி நாடு அமைத்த வீயா லாஸ் எஸ்ட்ரெயாஸ் குடியிருப்பில் நீண்ட காலம் தங்க வருகிறவர்கள், குழந்தைகள் உட்பட, குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிட்டு வர வேண்டும் என்பது விதியாக இருந்தது.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் போவதற்கு முன் மூவரும் பல் மருத்துவரைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். நான் வேலை பார்த்த இடங்களில் பெரிய மனிதர்களை இரவு முழுக்க அழவைத்தது மாரடைப்பு இல்லை, கடைவாய்ப்பல். நீங்களும் மனைவியும் முதலுதவிப் பயிற்சி எடுங்கள். ஒருவர் மட்டும் எடுத்து, விழுவதும் அவராகவே இருந்தால் என்ன செய்வது?

கணக்கன்

பல்லையும் குடல்வாலையும் எடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்கிறார் செவிலி அக்கா. இன்னும் என்னென்ன எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டால் வசதியாக இருக்கும்.

செவிலி

உங்களுக்கு நாக்கை.

இரவுக்கண்

அக்காவின் பதிலுக்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் மறுபக்கத்தை யாராவது பேச வேண்டுமல்லவா?

நான் வானம் பார்ப்பவன். அதற்காகவே ஆளில்லாத ஒரு மலைச்சரிவில் குடியேறினேன். மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அவர்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதி தெரிவதே இல்லை என்று 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது. இருட்டு எப்படி இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. நகரத்து இரவில் மேகம் வந்தால் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் வானத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். கீழே உள்ள விளக்குகளை அது திருப்பி அனுப்புகிறது. உண்மையான இருட்டில் இது தலைகீழ். மேகம் வந்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை நகர்ந்துகொண்டே போகும். வானம் எவ்வளவு இருட்டு என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை, மேகம் வெளுப்பா கறுப்பா என்று பார்த்தால் போதும்.

வெளியே வந்ததும் ஒன்றும் தெரியாது. கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் யாராவது கைப்பேசியைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் மகள் இருட்டுக்குப் பயந்தவள். இப்போது அவள்தான் வருகிற விருந்தாளிகளை விளக்கை அணைக்கச் சொல்லி அதட்டுகிறாள்.

செலவு, தூரம், ஆபத்து எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வோர் இரவும் இது வாசலில் இருக்கிறது.

கணக்கன்

மேகமில்லாத, நிலவில்லாத, உங்களுக்குத் தூக்கம் வராத இரவுகளில் வாசலில் இருக்கிறது. அதற்கு விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, வீடு எதற்கு?

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இரண்டு விஷயம். முதலாவது, வாங்குவது எளிது, விற்பது கடினம். ஆள் குறைந்த இடத்தில் வாங்குகிறவர்களும் குறைவு. இப்போதைய உரிமையாளர் எத்தனை காலமாக விற்கப் பார்க்கிறார் என்று விசாரியுங்கள். நாளை உங்கள் நிலைமையும் அதுதான். வங்கி கடன் தரத் தயங்கலாம். தீயணைப்பு நிலையத்தின் தூரத்தைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் பல இடங்களில் கட்டணத்தை முடிவு செய்கின்றன. மண்சாலையில் டயரும் சஸ்பென்ஷனும் என்ன பாடுபடும் என்று மேட்டுநிலவாசியே சொல்லட்டும்.

இரண்டாவது பெரிய விஷயம். ஓர் இடம் நிலைத்திருக்க எத்தனை பேர் வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா என்ற தீவுக்கூட்டம். பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்த இடம். 1920இல் 73 பேர் இருந்தார்கள், 1928இல் 37 பேர். இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள், படகு தள்ளவும் பாறை ஏறிப் பறவை பிடிக்கவும் ஆள் போதவில்லை. யாரும் துரத்தவில்லை. அவர்களே அரசுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறிவிட்டார்கள். உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஓர் எண்ணிக்கை இருக்கும். பள்ளிக்கூடத்தை நடத்த இத்தனை பிள்ளைகள், எரிபொருள் விற்கும் இடத்தைத் திறந்து வைக்க இத்தனை வண்டிகள். அதற்குக் கீழே ஒருவர் குறைந்தாலும் மீதிப் பேர் கிளம்ப வேண்டியதுதான். நீங்கள் போகாமல் இருக்க விரும்பினாலும் அண்டை வீட்டுக்காரர் கிளம்பினால் உங்கள் வாழ்க்கை மாறிவிடும்.

இரவுக்கண்

ஒரு தீவை எடுத்தீர்கள், நான் இன்னொன்றை எடுக்கிறேன். தெற்கு அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் டா குன்யா. ஏறத்தாழ 250 பேர். விமான நிலையம் இல்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரப் பயணம், அதுவும் வருடத்தில் சில தடவைதான். 1961இல் எரிமலை வெடித்து, தீவு மொத்தத்தையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். வேலை, வீடு, சினிமா, பஸ், மருத்துவமனை எல்லாம் கிடைத்தன. 1963இல் பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள்! நகரத்தைப் பார்க்காததால் தீவில் கிடந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

கணக்கன்

அங்கே பிறந்தவர்கள் திரும்பினார்கள். நெடுவழி அங்கே பிறந்தவர் இல்லை. மனிதர்கள் திரும்பிப் போனது நிலத்துக்காகவா, ஒருவரையொருவர் விட முடியாமலா என்று கேட்டுப் பாருங்கள்.

பாதிவழி

கணக்கன் கடைசியாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நான் ஆறு வருடம் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவள். எல்லோரும் நினைப்பதுபோல் தனிமை என்னை விரட்டவில்லை. மனிதர்கள்தான்.

நகரத்தில் ஒருவரோடு சண்டை வந்தால் அவரைத் தவிர்த்துவிடலாம். கடை மாற்றலாம், பாதை மாற்றலாம். நாற்பது பேர் வாழும் வட்டாரத்தில் அது நடக்காது. என் கணவருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் வேலி விஷயத்தில் மனத்தாங்கல். எங்கள் சாலையைச் சமப்படுத்தும் இயந்திரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தபால் எடுத்து வருகிறவர் அவருடைய மைத்துனி. என் மகளின் ஒரே தோழி அவருடைய பேத்தி. மழைக்காலத்தில் எங்கள் வண்டி சேற்றில் சிக்கியபோது இழுத்துவிட வந்தவரும் அவரேதான். ஒரு வார்த்தை பேசவில்லை, சங்கிலியை மாட்டினார், இழுத்தார், போய்விட்டார். அன்றைக்கு நான் அடைந்த கூச்சத்தைப் போல் வேறெப்போதும் அடைந்ததில்லை.

அங்கே யாரும் உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்க மாட்டார்கள். உங்கள் வண்டி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போனது என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும். நோய்வாய்ப்பட்டால் அதுவே காப்பாற்றும். மற்ற நாட்களில் மூச்சு முட்டும். அலாஸ்காவில் விட்டியர் என்ற ஊரில் பெரும்பாலானவர்கள் ஒரே பதினான்கு மாடிக் கட்டடத்தில் வாழ்கிறார்கள். வெளியுலகத்துக்கு உள்ள ஒரே சாலை, ரயிலும் வண்டியும் மாறி மாறிப் போகும் நாலு கிலோமீட்டர்ச் சுரங்கம். இரவில் அதையும் மூடிவிடுவார்கள். சுற்றிலும் பனிமலை, கடல், ஆளில்லாத வெளி. ஆனால் படிக்கட்டில் இறங்கினால் ஊரே எதிரில் நிற்கும்!

இருண்ட பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பசிபிக்கில் பிட்கேர்ன் தீவு, ஐம்பது பேர் அளவில் வாழும் இடம். 2004இல் அங்கே சிறுமிகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக ஏழு ஆண்கள் மீது விசாரணை நடந்து, ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பல ஆண்டுகள் நடந்த கொடுமை. புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் சொந்தக்காரர்களே இருந்தால் ஒரு பெண் குழந்தை யாரிடம் போகும்? தொலைதூர இடமெல்லாம் இப்படி என்று சொல்ல வரவில்லை. நகரத்தில் மட்டும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள், நடக்கிறது. ஆனால் நகரத்தில் நாலு தெரு தள்ளி வேறு யாரோ ஒருவராவது இருக்கிறார்கள். கூட்டம் சிறிதாகும்போது நல்லவருடைய நல்லதும் கெட்டவருடைய கெட்டதும் இரண்டுமே பெரிதாகிவிடுகின்றன. நெடுவழி, வீட்டைப் பார்க்கும் அளவுக்கு அந்த அண்டை வீட்டுக்காரர்களையும் பாருங்கள்.

மேட்டுநிலவாசி

பாதிவழி எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். நான் தாக்குப்பிடிக்கக் காரணம் எனக்குக் கிடைத்த அண்டை வீட்டார்தான். அது அதிர்ஷ்டம், திறமை இல்லை.

கணக்கனுக்கு: டயர் இரண்டு மடங்கு வேகமாகத் தேயும். போதுமா?

மின்கம்பி

யாரும் மின்சாரம், இணையம் பற்றி எழுதவில்லை. நெடுவழியின் சம்பளமே அதில்தான் இருக்கிறது.

இணையம்: பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நீங்கள் பேசுவது மேலே போய்க் கீழே வந்து, பதில் அதே வழியில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். காணொலிக் கூட்டத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் 550 கிலோமீட்டர் அளவில் சுற்றுகின்றன, அந்தத் தாமதம் இல்லை. தொலைதூர வாழ்க்கையை உண்மையில் மாற்றியது இதுதான் என்பேன். ஆனால் வீட்டில் வைக்கும் ஆன்டெனாத் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். பெரிய மரங்களோ மலைச்சுவரோ மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். வேறு மாற்று வழி ஒன்று இல்லாமல், சம்பளம் தரும் வேலையை ஒரே தட்டை நம்பி வைக்காதீர்கள்.

மின்சாரம்: சூரியத்தகடுகளை வைத்து எல்லாம் ஓட்டிவிடலாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். வெயில் குறைந்த மாதத்தில், தொடர்ந்து மேகமூட்டம் உள்ள வாரத்தில் என்ன கிடைக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நல்லது, ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். குளிர்ப்பகுதி என்றால் பேட்டரியைக் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். டீசல் ஜெனரேட்டரைப் பயந்து பயந்து பெரிதாக வாங்காதீர்கள். இரண்டு விளக்குக்காகப் பெரிய இயந்திரத்தை நாள் கணக்கில் ஓட்டினால் எரிபொருள் சரியாக எரியாமல் உள்ளே கரி படிந்து அது பாழாகிவிடும்.

பெரியவர்72

இளைஞர்கள் எல்லாம் பேசி முடித்தீர்களா? முதுமை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

நார்வேயின் ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தில், 78ஆம் அட்சரேகையில் லாங்யர்பியன் என்ற ஊர் இருக்கிறது. சூரியன் அக்டோபர் கடைசியில் மறைந்தால் பிப்ரவரி நடுவில்தான் தலைகாட்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்கு எதிராகப் பாதுகாப்போடு போக வேண்டும். 1920ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அங்கே குடியேற விசா வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லாதது இது: பிரசவத்துக்கு முன்பே கர்ப்பிணிகள் பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும், முதியோரைப் பராமரிக்க அங்கே ஏற்பாடு இல்லை, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவரை வெளியேற்ற ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. திடகாத்திரமான, சம்பாதிக்கிற மனிதர்களுக்கு மட்டுமே ஆன ஊர் அது. அங்கே அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், மற்ற இடங்களில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குத் தெரிந்த தம்பதி ஒன்று இப்படி ஒதுக்குப்புறத்தில் சந்தோஷமாக இருந்தது. வண்டி ஓட்டுகிறவர் அவர். அவர் போன பிறகு அந்த அம்மாளால் ஒரு மாதம்கூட அங்கே இருக்க முடியவில்லை. துக்கத்தால் அல்ல, அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நெடுவழி தம்பி, உங்கள் மனைவிக்கு அந்த மண்சாலையில், மழையில், இரவில் ஓட்ட வருமா?

நெடுவழி

ஐயா, அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள். எனக்குத்தான் இரவில் ஓட்டுவது சிரமம். இருவரும் இது பற்றி இன்று நெடுநேரம் பேசினோம்.

மகனைப் பற்றி யாராவது எழுதுவீர்களா?

பாதிவழி

எட்டு வயதுக்கு அது சொர்க்கம். என் மகள் ஓடை, தவளை, மரம் என்று வளர்ந்தாள், அதற்காக நான் வருந்தியதே இல்லை. படிப்பும் பெரிய தடையாக இருக்காது. ஆஸ்திரேலியாவில் 1951லேயே ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வானொலி வழியாகப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள், செவிலி அக்கா சொன்ன அந்த மருத்துவச் சேவையின் வானொலியைப் பயன்படுத்தியே. இப்போது இணையத்தில் இன்னும் எளிது. ஆனால் பாடம் ஓர் ஆசிரியர் நடத்தினாலும், பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைக் கையில் பிடிக்க வைக்கிறவர் நீங்கள் அல்லது உங்கள் மனைவி. வீட்டில் வேலை பார்க்கிற இருவரில் ஒருவருடைய காலை நேரம் போய்விடும். இதைக் கணக்கில் எடுத்தீர்களா?

பதின்மூன்று வயதில் எல்லாம் மாறும். அந்த வயதில் பிள்ளைக்கு வேண்டியது தவளை இல்லை, தன் வயதில் பத்துப் பேர். அதில் இருவரைப் பிடிக்கும், மூவரோடு சண்டை வரும், ஒருவரைக் காரணமில்லாமல் ஆராதிக்கும். ஒரே ஒரு தோழி இருக்கும் இடத்தில் அவளோடு ஒத்துப்போகாவிட்டால் வேறு வழியே கிடையாது. என் மகள் எதையும் கேட்கவில்லை. மாலை நேரங்களில் சாலை முனை வரை நடந்துபோய், சும்மா நின்றுவிட்டு வருவாள். நாங்கள் கிளம்பியதற்கு வேலிச் சண்டையைவிட அதுதான் காரணம்.

இரவுக்கண்

எல்லாப் பிள்ளைகளும் அப்படி இல்லை. என் மகளுக்குப் பதினைந்து. நகரத்துக்குப் போகலாமா என்று கேட்டால் முறைக்கிறாள்.

பாதிவழி

பதினேழில் மறுபடியும் கேளுங்கள்.

மட்டுறுத்துநர்

ஒருவர் பிள்ளையை ஒருவர் ஆரூடம் பார்க்க வேண்டாம். இழையின் பொருளுக்குத் திரும்புவோம்.

கணக்கன்

இவ்வளவையும் படித்த பிறகு என் நிலையில் ஒரு சிறு திருத்தம். போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். அதுவும் நீங்கள் போய்ப் பார்த்து மயங்கிய பருவத்தில் வேண்டாம். அந்த இடத்தின் மிக மோசமான பருவம் எதுவோ, மழையோ பனியோ கடுங்கோடையோ, அதை முழுதாக அங்கே கழியுங்கள். நல்ல பருவத்தில் எந்த இடமும் அழகுதான்.

மேட்டுநிலவாசி

இதில் கணக்கனோடு உடன்படுகிறேன், தேதியைக் குறித்து வையுங்கள்.

கூடவே ஒரு யோசனை. வீட்டை விற்கிறவரிடமும் தரகரிடமும் கேட்பதில் பயனில்லை. தபால் கொண்டுவருகிறவர், எரிவாயு உருளை இறக்குகிறவர், இந்த இருவரையும் பிடியுங்கள். எந்த மாதத்தில் அந்தச் சாலையில் தங்களால் வர முடியாமல் போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த வட்டாரத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரியும்.

நெடுவழி

தபால்காரர் யோசனையை இன்றே செயல்படுத்தினேன். அந்தப் பகுதிக்குப் பார்சல் கொண்டுபோகிறவரின் எண் கிடைத்தது, பேசினேன். நல்ல மனிதர். மழை பிடித்துவிட்டால் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு வண்டியை விடவே மாட்டாராம். சாலை பிரியும் இடத்தில் ஒரு தகரப்பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுவிட்டுப் போய்விடுவாராம். ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வாழ்கிறாராம், டிராக்டர் அவரே ஓட்டுவாராம். "அவரோடு ஒத்துப்போனால் உங்களுக்குக் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் சொல்லுங்கள், பெட்டியைக் காலி செய்துவிடுகிறேன்" என்றார். பாதிச் சிரிப்பு, பாதி எச்சரிக்கை.

வீட்டுக்காரர் வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே போகிறோம். முதலில் அந்த ஆசிரியையைப் பார்க்கப் போகலாம் என்று மனைவி சொல்கிறாள்.

செவிலி

பல் மருத்துவரிடம் போய்விட்டு, பிறகு ஆசிரியையிடம் போங்கள்.

மேட்டுநிலவாசி

ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன், கட்டுப்பாட்டுப் பெட்டியின் படம், மூன்றையும் இங்கே போடுங்கள். எந்தெந்த உதிரிபாகங்களை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.